ஆம்பூர் கிணறும் வேலூரில் எரியாத பச்சை விளக்கும்

ஸ்டெல்லா போன் செய்தபோது நான் ஏலகிரியில் இரண்டு நாள் தங்க அறை தேடிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை லீவு கிடைக்குமா என்று கேட்டாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் சோப்பையும் சீப்பையும் உரிமையோடு எடுத்தவள். இப்போது ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அவளுடைய மாணவிகள் இரண்டு பேர் வேலூரில் நடக்கும் மண்டல அறிவியல் கண்காட்சிக்குப் போக வேண்டும். இரண்டு பெரியவர்கள் கூடப் போனால்தான் அனுப்புவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். கூட வரவிருந்த கணக்கு டீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நீ பெரியவதானே, வந்து நில்லு, போதும்" என்றாள்.

ஏலகிரி எங்கும் ஓடிவிடாது என்று கிளம்பிவிட்டேன். போன மழைக்காலம் முடிகிற சமயம் அது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிற பெற்றோர், ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் போக்குவரத்து விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதன்கிழமை மதியம் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஆம்பூர் சுமார் 180 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். உட்காரும் வகுப்பு முன்பதிவு நூற்றுச் சொச்சம் ஆனது. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள் என்று யாரோ எழுதியதை நம்பி இடது பக்கம் உட்கார்ந்தேன். வழி முழுக்க வெயில் முகத்தில் அடித்தது. எழுதியவர் காலை வண்டியில் போயிருப்பார் போலும்.

ஆம்பூரில் இறங்கும்போது ஷிப்ட் முடிகிற நேரம். ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. காற்றில் தோல் வாசனையும் பிரியாணி வாசனையும் கலந்து வந்தன. முதல் அரைமணி நேரம் முதலாவது தெரிந்தது, அதற்குப் பிறகு இரண்டாவது மட்டும்தான். பிரியாணியைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இரவு சாப்பிட்டேன், காலையிலும் சாப்பிட்டிருப்பேன், ஸ்டெல்லா விடவில்லை.

சாயங்காலமே மாணவிகளைப் பார்க்க அழைத்துப் போனாள். ஆஃப்ரீன் பத்தாம் வகுப்பு, கீர்த்தனா ஒன்பதாம் வகுப்பு. சந்திப்பு ஆஃப்ரீன் வீட்டில். அவள் அப்பா ஜமீல் பாய் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டார். டீ, பிஸ்கட் எல்லாம் பிறகுதான்.

"மொதல்ல இத குடிங்க மேடம். எங்க கெணத்துத் தண்ணி. தெருவுல பாதிப் பேரு இங்கதான் வந்து மொண்டுக்கினு போறாங்க. மெட்ராஸ்ல இன்னா காசு குடுத்தாலும் கெடைக்காது."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிரியாணியைப் பாராட்டியிருந்தால்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டார். அந்தப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. தோல் பதனிடும் ஊர்களில் பல வருடங்களாக மண்ணில் இறங்கிய உப்பு அது. அதனால் யார் வீட்டுக் கிணறு நன்றாக இருக்கிறது என்பது அங்கே குடும்பப் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களை ஊறுகாய் ருசி பார்க்கச் சொல்வதுபோல இங்கே தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் படைப்பும் அதைப் பற்றியதுதான். ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பென்சில் கரிக்கம்பிகள். மூடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று குட்டி விளக்குகள். கம்பிகளைத் தண்ணீரில் வைத்தால், உப்பு ஜாஸ்தியாக இருக்க இருக்க மின்சாரம் நன்றாகப் பாயும். நல்ல தண்ணீர் என்றால் பச்சை மட்டும். சுமாரான உப்புக்கு மஞ்சளும் சேரும். வாயில் வைக்க முடியாத தண்ணீருக்குச் சிவப்பும் எரியும். எந்த அளவில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு குட்டித் திருகை வைத்து முடிவு செய்திருந்தார்கள்.

நல்ல தண்ணீருக்கு எதை அளவாக வைத்தீர்கள் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி கேட்டேன். "ஆஃப்ரீன் வூட்டுத் தண்ணிதான் ஆன்ட்டி, ஊர்லயே பெஸ்ட்டு" என்றாள் கீர்த்தனா. கேட்ட எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான்தான் இரண்டு டம்ளர் குடித்திருந்தேனே.

பந்தய விஷயமும் அங்கேதான் வெளியே வந்தது. ஜமீல் பாய்க்கு மகள் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுக்க வேண்டும், வியாபாரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அவளுக்கு சயின்ஸ் குரூப். ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. கடைசியில் ஆஃப்ரீனே ஒரு பந்தயம் கட்டியிருக்கிறாள். இந்தக் கண்காட்சியில் முதலாவது வந்து மாநிலப் போட்டிக்குப் போனால் சயின்ஸ், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு காமர்ஸ். அப்பா உடனே கைகொடுத்துவிட்டார். வியாபாரி அல்லவா. ஸ்டெல்லாவுக்கு அன்றுதான் தெரியும் போல. திரும்பி வரும்போது, "படிப்ப வெச்சு யாராவது பெட்டு கட்டுவாங்களா" என்று வழி முழுக்கப் புலம்பினாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஆம்பூர் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் ஏறினோம். சுமார் 50 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பது ரூபாய். மாதனூர், பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலையிலேயே போகும். டப்பா கீர்த்தனாவின் மடியில், கல்யாணச் சீர் மாதிரி பட்டுத்துணி சுற்றி. நான்கு தண்ணீர் பாட்டில்கள் இருந்த பையை ஸ்டெல்லா காலடியில் வைத்திருந்தாள். மூன்று பாட்டில்களில் மூன்று தெருத் தண்ணீர். நான்காவதில் ஆஃப்ரீன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அதன் மேல் மட்டும் அழகான எழுத்தில் 'நல்ல தண்ணீர்' என்று ஒட்டியிருந்தார்கள்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி ஒரு வேகத்தடையில் டிரைவர் எங்கள் எல்லோரையும் அரை அடி உயரத்துக்குத் தூக்கிப் போட்டார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. வேலூர் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறிய பிறகுதான் என் புடவை நனைந்திருப்பதைப் பார்த்தேன். 'நல்ல தண்ணீர்' பாட்டிலின் மூடி தளர்ந்து முழுக்கக் கொட்டிப்போயிருந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தண்ணிதானே, இதுக்குப் போயி பேஜார் ஆவுறீங்க. அங்க கேன் கேனா வெச்சிருப்பாங்க" என்றார். பஸ் நிலையத்திலிருந்து கோட்டைப் பக்கம் போக நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நல்ல தண்ணீர் எங்கிருந்து எடுத்தால் என்ன?

கண்காட்சி நடந்த பள்ளி பெரிய வளாகம். இரண்டு மாடி, ஐம்பது அறுபது மேசைகள். சோளத்தட்டையில் செய்த செங்கல், குழந்தை அழுதால் ஆடும் தொட்டில், ராணிப்பேட்டைப் பிள்ளைகள் செய்த ரோபோ ஒன்று. அந்த ரோபோ நேராகப் போக மறுத்து வட்டம் அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் செய்தவன், "இது வட்டம் போடற ரோபோ சார்" என்று சமாளித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தமும் ஃபெவிகால் வாசனையும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கோயில் திருவிழாவுக்குக் குறைவில்லாத உற்சாகம்.

எங்கள் மேசையில் கீர்த்தனா காலியாகிப்போன 'நல்ல தண்ணீர்' பாட்டிலில் கேன் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். ஆஃப்ரீன் ஒத்திகை பார்த்தாள். முதல் பாட்டிலுக்கு மூன்று விளக்கும் எரிந்தன. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்குப் பச்சையும் மஞ்சளும். 'நல்ல தண்ணீர்' பாட்டிலில் கம்பியை வைத்தாள். எதுவும் எரியவில்லை.

பாட்டிலைக் குலுக்கினாள், கம்பியைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். டப்பா செத்த மாதிரி கிடந்தது. நடுவர்கள் வர அரைமணி நேரம்கூட இல்லை. வேகத்தடையில் ஏதோ கழன்றுவிட்டது என்றாள் கீர்த்தனா. பச்சை பல்பு போய்விட்டிருக்கும் என்றாள் ஸ்டெல்லா. மற்ற பாட்டில்களுக்குப் பச்சை எரிந்ததே என்று யாருக்கும் நினைவு வரவில்லை. பதற்றத்தில் நாலு பேருக்கும் மூளை ஒரே பக்கமாக ஓடியது.

பெரியவளாக வந்து நின்றால் போதும் என்றுதானே சொன்னாள்? நான் கோட்டை எதிரே கடைத்தெருவுக்கு ஓடினேன். எலக்ட்ரிகல் சாமான் கடைக்காரர் கல்யாண ஆர்டருக்கு சீரியல் செட் எண்ணிக்கொண்டிருந்தார். பச்சை பல்பு ஒன்றும் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றும் வேண்டும் என்றேன். சயின்ஸ் எக்ஸிபிஷனா என்றார். காலையிலிருந்து நான் ஏழாவது ஆளாம். மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். கீர்த்தனா பழைய பல்பைப் பிரித்துப் புதியதை முறுக்கி டேப் சுற்றினாள். கம்பியை வைத்தாள். எரியவில்லை.

ஆஃப்ரீன் அதுவரை அழவில்லை. அப்போது கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "காமர்ஸ்தான் மிஸ்" என்றாள் சின்னக் குரலில். ஒரு டிபன் டப்பாவுக்காக நான் இவ்வளவு வேண்டிக்கொண்டதே இல்லை. ஸ்டெல்லா அவளை உட்காரவைத்து, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி என்றாள்.

ஆஃப்ரீன் பையிலிருந்து வீட்டில் நிரப்பிக்கொண்டு வந்த ஸ்டீல் பாட்டிலை எடுத்தாள். திறந்தாள். வாய்க்குப் போன கை நடுவில் நின்றது. கொஞ்சம் தண்ணீரை ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக் கம்பியை வைத்தாள். பச்சை எரிந்தது, பளிச்சென்று.

கீர்த்தனா துள்ளினாள். "பல்பு நல்லாதான்க்கா இருக்குது."

"பல்பு நல்லாதான் இருக்குது. தண்ணிதான்" என்றாள் ஆஃப்ரீன். கேன் தண்ணீரையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கேன் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஒரு விளக்கும் எரியவில்லை. ஊரிலேயே இனிப்பான கிணறு என்று இவர்கள் அளவாக வைத்த தண்ணீரில் பச்சையை எரியவைக்கும் அளவுக்கு உப்பு இருக்கிறது. எந்த விளக்கையும் எரியவைக்காத ஒரு தண்ணீர் இருக்க முடியும் என்று இவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சுற்றியிருந்த கிணறுகளில் அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. ஆஃப்ரீன் வீட்டில் கேன் வாங்கும் வழக்கமே கிடையாது, நல்ல கிணறு இருக்கும்போது யார் வாங்குவார்கள்? ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டாள். லேபில் வாலை வடிநீர் இருக்கிறது, அதில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்று தனக்கே தோன்றவில்லையே என்றாள். உயிரியல் டீச்சர், தவளையாக இருந்தால் தோன்றியிருக்கும், பாவம்.

அதற்குள் நடுவர்கள் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார்கள். கேன் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு ஸ்டீல் பாட்டில் தண்ணீரை அந்தப் பாட்டிலில் நிரப்பிவிடலாம், பச்சை எரியும், யாருக்குத் தெரியும் என்றாள் கீர்த்தனா. எனக்கும் அதேதான் தோன்றியது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். ஆஃப்ரீன் 'நல்ல தண்ணீர்' என்ற சீட்டை உரித்தாள். பின்பக்கம் 'எங்கள் வீட்டுத் தண்ணீர்' என்று எழுதி ஸ்டீல் பாட்டிலின் மேல் ஒட்டினாள்.

நடுவர்களில் ஒருவர் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் அம்மா. மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்தவர், கேன் தண்ணீரில் ஒன்றும் எரியாததைக் கண்டு, இது வேலை செய்யவில்லையே என்றார்.

"வேலை செய்யுது மேடம். நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்" என்றாள் ஆஃப்ரீன். "எங்க கெணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு நெனச்சு அத வெச்சி செட் பண்ணோம். அதுலயும் உப்பு இருக்குதுன்னு இப்போதான் தெரியும். இங்க வந்து, அஞ்சு நிமிஷம் முன்னாடி."

அந்த அம்மா ஸ்டீல் பாட்டிலைக் கையில் எடுத்து அந்தச் சீட்டைப் படித்தார். பிறகு திருகை எப்படிச் சரிசெய்வாய், எந்தத் தண்ணீரை அளவாக வைப்பாய் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். மற்ற மேசைகளில் ஐந்து நிமிடம் நின்றவர் எங்கள் மேசையில் கால்மணி நேரம் நின்றார்.

முடிவு மூன்று மணிக்குத்தான் என்றார்கள். இடைவேளையில் கோட்டைக்குப் போனோம். நடை தூரம், நுழைவுக் கட்டணம் இல்லை. அகழியில் மழைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கீர்த்தனா டப்பாவைக் கயிற்றில் கட்டிக் கம்பியை அதில் இறக்கப் பார்த்தாள், காவலர் விசில் ஊதினார். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை நானும் கீர்த்தனாவும் பார்த்துவிட்டு வந்தோம். வெளியே புல்வெளியில் ஸ்டெல்லாவும் ஆஃப்ரீனும் லெமன் சாதம் பிரித்தார்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு போங்கள். வெயில் நாளில் தொப்பி அவசியம்.

முதல் பரிசு காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கு. ஏரியின் நீர்மட்டத்தைக் கரையிலிருந்தே காட்டும் மிதவை செய்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத வேலை. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் பரிசு. மேடையில் இருவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். கீழே இறங்கியதும் ஆஃப்ரீன் கோப்பையைக் கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டாள். மாநிலப் போட்டிக்கு முதலாவது மட்டும்தான்.

திரும்புவதற்குக் காட்பாடி போய் ரயில் பிடித்தோம். ஆம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்குள், டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு. ஆனால் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு வரத் தயாராக இருக்க வேண்டும். கீர்த்தனா சும்மா இருக்கிற பெண் இல்லை. திருகைக் கேன் தண்ணீருக்கு ஏற்ப மாற்றிவைத்து, எதிரே இருந்த குடியாத்தத்து அம்மாவின் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். பச்சையோடு மஞ்சளும் எரிந்தது. அவர் பக்கத்திலிருந்தவரை உசுப்பினார். அடுத்த ஸ்டேஷனுக்குள் பெட்டி முழுக்கப் பாட்டில்கள் நீண்டன. ஒருவர் டீயை நீட்டினார். வாணியம்பாடிக்குப் போகிற ஒரு நர்ஸ் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினார். யார் பாட்டிலுக்கு எந்த விளக்கு என்று கைதட்டலும் கேலியுமாக, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆஃப்ரீனும் சிரித்துவிட்டாள். அவளுடைய ஸ்டீல் பாட்டிலை மட்டும் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

ஆம்பூர் பிளாட்பாரத்தில் ஜமீல் பாய் நின்றுகொண்டிருந்தார். கையில் ஐந்து லிட்டர் கேன். எனக்காம். மெட்ராஸுக்கு எடுத்துப்போக, அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆஃப்ரீன் கேனை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கம்பியை வைத்தாள். பச்சையும் மஞ்சளும் எரிந்தன. வேலூரில் நடந்ததை அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் மொண்டுகொண்டு போகும் தண்ணீர். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"எவ்ளோ நாளா இப்டி?" என்றார்.

"தெரியலப்பா. யாரும் பாக்கலியே." கம்பியைத் துடைத்துக்கொண்டே, "நாங்க ரெண்டாவதுதான். பெட்டுல நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள்.

அவர் கேனின் மூடியை எடுத்துத் துடைத்து இறுக்கி மூடினார். "நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு நெனச்சி கட்டுன பெட்டு அது. சரக்கே தப்புன்னா பேரம் செல்லாதும்மா. நீ சயின்ஸே எடு. எடுத்து மொதல்ல இத இன்னான்னு பாரு."

ஆஃப்ரீன் அப்போதுதான் அழுதாள். ஸ்டெல்லாவும் அழுதாள். நான் கேனைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர் என்னிடம், "எடுத்துக்கினு போங்க மேடம், சிவப்பு எரியலையே" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் எங்கள் தண்ணீரையும் அதையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ருசி அவர் தண்ணீரில்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டே யோசனை. கண்காட்சிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பிள்ளைகள் எல்லாவற்றையும் இரண்டு பாட்டிலாக எடுத்துக்கொள்ளட்டும், பள்ளிகொண்டா வேகத்தடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்தது, ஆம்பூரில் இறங்குகிறவர்கள் உங்கள் வீட்டுத் தண்ணீர் அரை லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். கருத்துப் பகுதியில் எழுதினால் ஸ்டெல்லாவிடம் சேர்க்க வழி சொல்கிறேன். ஆஃப்ரீன் ஊர் ஊராகத் தண்ணீர் சேர்க்கிறாள், ஜமீல் பாய் அதற்கென்று அட்டைப்பெட்டிகள் கொடுத்திருக்கிறார். நான் எங்கள் பெரம்பூர்த் தெருவின் அடிபம்பிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பினேன். மறுநாளே போட்டோ வந்தது. மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அதை நாங்கள் இத்தனை வருடமாக நல்ல தண்ணீர் பம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.